மரத்தின் காயமும் மனிதனின் காயமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மணம் தரும் தாவரப் பிசின்களும் அவற்றின் மருத்துவமும். கேட்டவுடன் இது யாரோ ஆராய்ச்சியாளர்கள் பேச வேண்டிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் இந்த அரங்கில் இருப்பவர்களில், பிசினைத் தொடாமல் இந்த வாரத்தைக் கழித்தவர் யார்? சாம்பாரில் கரைந்த பெருங்காயம், ஒரு செடியின் வேரைக் கீறி எடுத்த பால் உறைந்த பிசின். வெள்ளிக்கிழமை வீட்டில் புகைந்த சாம்பிராணி ஒரு பிசின். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் மடித்துத் தரும் குங்கிலியம், குக்குலு, வெள்ளைப்போளம், ரூமி மஸ்தகி எல்லாம் பிசின். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்துப் பழுப்பு நிறத்தில் ஒரு திரவத்தை ஊற்றி அடைப்பார்களே, அந்த டிங்சர் பென்சாயினும் பிசின்தான். பூஜை அறையிலும் சமையல் அறையிலும் சிகிச்சை அறையிலும் ஒரே இனத்துப் பொருள் புழங்குகிறது. இப்படி எல்லா இடத்திலும் இருப்பதாலேயே, அது எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்கிறவர்களும் பெருகிவிட்டார்கள்; எல்லாம் வெறும் வாசனை என்று ஒதுக்குகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிசின் என்பது மரம் தன் காயத்துக்குத் தானே சுரந்துகொள்ளும் மருந்து. அந்த வேலைக்குப் பக்கத்தில் நிற்கும் வரை, அதாவது நம்முடைய புண்ணுக்கும் புண்ணில் சேரும் கிருமிக்கும் அதைப் பயன்படுத்தும் வரை, சான்றுகள் பிசினுக்குத் துணை நிற்கின்றன. அதை விட்டு விலகி, கொழுப்பைக் கரைக்கும், குடற்கிருமியை ஒழிக்கும், வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று போகப் போக, ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியாகச் சான்று கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்தால் சில தேறும், பல தேறா. எது தேறியது, எது தேறவில்லை என்பதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் மரத்திடம் போவோம். பட்டையிலும் கட்டையிலும் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. வண்டு துளைத்தாலோ, கிளை முறிந்தாலோ, கத்தி பட்டாலோ அந்தக் குழாய் உடைந்து பிசின் வழிகிறது. வழியும்போது அது இளகிய பொருள். அதில் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பகுதி காற்றோடு போய்விட, மிச்சம் கெட்டிப்படுகிறது. நாம் முகரும் மணம் அந்த ஆவிப் பகுதி. கையில் எடுக்கும் கட்டி, பின்தங்கிய பகுதி. இந்த ஒரு ஒழுக்கில் மூன்று வேலை நடந்துவிடுகிறது: துளைத்த பூச்சி ஒட்டிக்கொண்டு சாகிறது, காயத்தின் வாய் அடைபடுகிறது, உள்ளே நுழையப் பார்த்த பூஞ்சை வளராமல் நிற்கிறது. இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். முருங்கையில் வடிவதையும் கருவேலத்தில் வடிவதையும் நாம் பிசின் என்றுதான் சொல்கிறோம். அவை தண்ணீரில் கரையும் கோந்து வகை. சாம்பிராணியையும் குங்கிலியத்தையும் தண்ணீரில் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் கரையாது. சாராயத்திலோ எண்ணெயிலோதான் கரையும். பெருங்காயம், குக்குலு, வெள்ளைப்போளம், வீட்டுச் சாம்பிராணியிலிருந்து வேறான பறங்கிச் சாம்பிராணி ஆகியவை இரண்டும் கலந்த இனம். எதில் கரையும் என்பது அற்ப விவரம் இல்லை. மருந்து உடம்புக்குள் சேருமா, சேராமல் வெளியே போகுமா என்பதே அதில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓமன் நாட்டின் தெற்கே தோஃபார் என்றொரு பகுதி. பறங்கிச் சாம்பிராணியில் பேர்பெற்ற இனம் அங்கேதான் விளைகிறது. மழை குறைந்த, கல் மண்டிய சரிவுகளில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் மரங்கள். பிசின் எடுப்பவர் மழுங்கிய சிறு உளியால் பட்டையை ஆழமாக வெட்டுவதில்லை. காகிதம்போல் உரியும் மேல்தோலோடு கொஞ்சம் சுரண்டுகிறார். உடனே பால்போல் வெண்துளிகள் அரும்புகின்றன. பத்துப் பதினைந்து நாள் விட்டுவைத்தால் உறைகின்றன. முதல் சுரண்டலில் வருவதை மட்டம் என்று கழித்துவிட்டு, அதே இடத்தை மறுபடியும் சுரண்டி, அடுத்தடுத்து வருவதைத்தான் நல்ல சரக்கு என்று சேர்க்கிறார். இந்தப் பகுதியின் பழந்துறைமுகங்களையும் மரக்காடுகளையும் யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான கோர் ரோரியில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று 2006-இல் கிடைத்தது. ‘ணந்தை கீரன்’ என்பது அதில் இருக்கும் பெயர், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். கீரன் என்ற நம் ஆள் ஒருவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பறங்கிச் சாம்பிராணித் துறைமுகத்தில் புழங்கியிருக்கிறார் என்றால், இந்தச் சரக்கின் மதிப்பை நம்மவர்கள் எவ்வளவு முன்பே அறிந்திருந்தார்கள் என்று பாருங்கள்.

சரி, மரம் தனக்காகச் செய்துகொண்ட மருந்து மனிதனுக்கு எதற்கு ஆகும்? அழுகாமல் தடுக்கும் என்பதை மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டவர்கள், இறந்தவரின் உடலைப் பதப்படுத்திய எகிப்தியர்கள். சக்காராவில் பதப்படுத்தும் பட்டறை ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள், கி.மு. ஏழு, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அங்கே கிடைத்த 31 கலங்களின் அடியில் ஒட்டியிருந்ததை வேதியியல் முறையில் ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தக் கலத்தில் இருப்பதை உடலின் எந்த இடத்தில் இட வேண்டும் என்றுகூடக் கலத்தின் மேல் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவை என்ன? மத்தியதரைக் கடற்கரைப் பிசின்கள் இருந்தன, அதில் வியப்பில்லை. ஆனால் அவற்றோடு ஆசியாவின் மழைக்காடுகளில் மட்டும் விளையும் டமர் பிசினும் இருந்தது. நம் குங்கிலிய மரங்கள் சேர்ந்த குடும்பத்துச் சரக்கு அது. பக்கத்திலேயே பிசின் கிடைக்கும்போது, கடல் பல கடந்து வந்த பிசினை விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? எந்தப் பிசின் எந்த வேலைக்கு என்று பிரித்து அறிந்தவர்கள் மட்டும்தான் அப்படி வாங்குவார்கள்.

‘செத்த உடலை வைத்து உயிருள்ளவனுக்கு மருத்துவம் சொல்லலாமா?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கு விடை பின்லாந்தில் இருக்கிறது. அந்த நாட்டின் வடகோடி, லாப்லாந்து. அங்கே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பிசினை வெண்ணெயிலோ விலங்குக் கொழுப்பிலோ போட்டுக் காய்ச்சி, ஆறாத புண்ணுக்குத் தடவுவது பாட்டி காலத்துக் கைமருந்து. பின்லாந்து மருத்துவர்கள் அதைக் கிண்டல் செய்து ஒதுக்கவில்லை. கும்பிட்டு ஏற்கவும் இல்லை. சோதித்தார்கள். எடுத்துக்கொண்டது எளிய புண் இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களுக்கு இடுப்பிலும் குதிகாலிலும் தோல் செத்து, சதை தெரிய, சில நேரம் எலும்பு வரை குழியும் படுக்கைப்புண். வீட்டில் ஒருவரை அப்படிப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பிசின் களிம்பு. மறு பகுதிக்கு அப்போது வழக்கத்தில் இருந்த நவீனக் கட்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, களிம்பு தடவிய 13 பேரில் 12 பேருக்குப் புண் முழுதும் ஆறியிருந்தது. மற்றப் பிரிவில் 9 பேரில் 4 பேருக்கு. முடிவு 2008-இல் தோல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. அதோடு நிற்காமல் ஏன் ஆறுகிறது என்றும் பார்த்தார்கள். அந்தப் பிசினில் உள்ள அமிலங்கள் பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கின்றன. பல மருந்துக்கும் அசையாத ஸ்டாஃபிலோகாக்கஸ் வகையும் அதற்குள் அடக்கம். இன்று அந்தக் களிம்பு முறையான அனுமதியோடு மருந்துக் கடையில் குழாயில் அடைத்து விற்கப்படுகிறது. மரத்தின் காயத்தில் என்ன செய்ததோ, அதே வேலையைத்தான் அந்தப் பிசின் மனிதனின் காயத்திலும் செய்தது.

இதே கதையின் இன்னொரு பகுதி நமக்கு இன்னும் நெருக்கமானது. சுமத்ராவின் வடபகுதியில் தோபா ஏரியைச் சுற்றி வாழும் பட்டாக் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாம்பிராணி மரங்களை வளர்த்து, பட்டையைக் கீறி, சில மாதம் காத்திருந்து பிசின் எடுக்கிறார்கள். அது கப்பலேறிய பழைய துறைமுகம் பாருஸ். அங்கே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. நம் வீட்டுக்குச் சாம்பிராணி வந்த வழி அந்தக் கடல்வழி. இப்போது அந்தச் சாம்பிராணிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர்கள் அதைச் சூடாக்கி, மேலே படியும் வெண்படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். பென்சாயிக் அமிலம் என்று பெயர் வந்தது அதனால்தான். அதன் உப்பாகிய சோடியம் பென்சோயேட், நாம் வாங்கும் ஊறுகாய் பாட்டிலிலும் பழரசப் பாட்டிலிலும் 211 என்ற எண்ணோடு அச்சிட்டிருக்கும் பாதுகாப்புப் பொருள். இன்றைக்கு ஆலைகளில் பெட்ரோலியத்திலிருந்து அதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். பூஞ்சையைத் தடுக்கும் அந்த அமிலம் முதலில் கிடைத்தது சாம்பிராணியிலிருந்து. டிங்சர் பென்சாயின் என்பதும் சாராயத்தில் கரைத்த அதே சாம்பிராணிதான். சாராயம் ஆவியாகிப் போக, தோலின் மேல் மெல்லிய ஏடு படிந்து துளையை அடைக்கிறது. ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர், முதுகுத்தண்டில் ஊசி போட்ட இடத்தைப் பென்சாயின் வைத்து மூடும்போது, சுமத்ராக் காட்டில் ஒரு மரம் தன் பட்டையில் செய்ததைத் திரும்பச் செய்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிந்தால் நல்லது.

இதற்கு இரண்டு தடை சொல்வார்கள். ஒன்று, இருபத்திரண்டு பேரை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா என்பது. வரக்கூடாதுதான், அது சிறிய சோதனை. ஆனால் வாழையடி வாழையாய் வந்த பழக்கமும், ஆய்வுக்கூடத்தில் கண்ட காரணமும், நோயாளியிடம் கண்ட பலனும் மூன்றும் ஒரே திசையில் கைகாட்டினால், எண்ணிக்கை சிறிது என்பது மேலும் சோதிக்கக் காரணமாகுமே தவிர ஒதுக்கித் தள்ளக் காரணமாகாது. இரண்டாவது தடை இன்னும் கனமானது. பிசின் எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. பெரு பால்சம் என்ற மணப்பிசினும், பைன் மரப் பிசினும் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனவை. தோல் மருத்துவர்கள் ஒவ்வாமையைக் கண்டறியப் பயன்படுத்தும் வழக்கமான சோதனைப் பட்டியலிலேயே அவை இருக்கின்றன. பூஞ்சையைத் தாக்கும் பொருள் சில பேர் தோலையும் சீண்டும். இயற்கை என்பதால் தீங்கில்லை என்ற பேச்சை இந்த ஒரு பட்டியலே முறித்துப் போடுகிறது. களிம்பை முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள் என்பதுதான் அதற்கு விடை.

இனி, புண்ணை விட்டு உள்ளே போவோம். இங்கேதான் வழுக்குகிறது. கிரேக்க நாட்டுக் கியோஸ் தீவின் ரூமி மஸ்தகி, வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியைக் கொல்கிறது என்று 1998-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. உலகமெங்கும் பரபரப்பு. ஆனால் கொன்றது எங்கே? கண்ணாடித் தட்டில். அதே ஊரில் எட்டு நோயாளிகளுக்கு இரண்டு வாரம் மஸ்தகியைக் கொடுத்துப் பார்த்து 2003-இல் எழுதினார்கள்: எட்டுப் பேரின் வயிற்றிலும் கிருமி இருந்தபடியே இருந்தது. பின்னால் கிரேக்கத்தில் நடந்த ஒரு சிறு சோதனையில் சிலருக்கு மட்டும் பலன் தெரிந்தது. இன்னொன்று, வெள்ளைப்போளம். எகிப்தில் நத்தை வழியே பரவும் புழுநோய்க்கு வெள்ளைப்போளத்திலிருந்து மாத்திரை செய்து 2001 வாக்கில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் குணம் என்றார்கள். வேறு குழுக்கள் 2005-இல் தனியே சோதித்தபோது, குணமானவர்கள் மிகச் சொற்பம்; வழக்கமான மாத்திரையின் பக்கத்தில்கூட அது நிற்கவில்லை. புழு நோயோடு ஊருக்குத் திரும்பிப் போன ஏழை விவசாயிக்கு அந்த மாத்திரையால் என்ன நன்மை?

மூன்றாவது, நம் நாட்டுக் குக்குலு. இதன் வரலாறு நெஞ்சைத் தொடுவது. சுசுருத சம்ஹிதையில் கொழுப்பு மிகும் நோய்க்குக் குக்குலு சொல்லப்பட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி என்ற பெண்மணி முயல்களில் சோதனை செய்து, இரத்தக் கொழுப்பு குறைவதைக் காட்டினார். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை முன்னெடுத்தது; 1980-களின் இறுதியில் மருந்தாகவும் வந்தது. மரபு நூலிலிருந்து மருந்துக்கடை வரை ஒரு சரக்கை முறையாக நடத்திக் கொண்டுவந்த பெருமை நம் விஞ்ஞானிகளுக்கு உண்டு. அதை யாரும் குறைக்க முடியாது. பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 103 பேரை வைத்து எட்டு வாரம் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஐந்து விழுக்காடு இறங்கியது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு நான்கு, ஐந்து விழுக்காடு ஏறியது! சிலருக்கு உடம்பில் தடிப்பும் வந்தது. உணவு வேறு, உடல்வாகு வேறு என்று சமாதானம் சொல்லலாம். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் கொழுப்புக்குக் குக்குலு போதும் என்று நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துகிறவர், எதன் மேல் உயிரைப் பணயம் வைக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

‘அப்படியானால் உள்ளுக்குச் சாப்பிடும் பிசின் எல்லாமே பொய்யா?’ இல்லை. சல்லகி என்ற இந்தியப் பறங்கிச் சாம்பிராணியைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் காடுகளில் விளைவது. மூட்டு வலிக்கு ஆயுர்வேதத்தில் புழங்குவது. ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தில் சிங், அட்டல் என்ற இருவர் அது வீக்கத்தைத் தணிப்பதை 1986-இல் காட்டினார்கள். எப்படித் தணிக்கிறது என்பதை ஜெர்மனியின் டூபிங்கனில் அம்மோன் குழுவினர் 1992-இல் விளக்கினார்கள்: பிசினில் உள்ள பாஸ்வெலிக் அமிலங்கள், உடம்பில் வீக்கத்தைத் தூண்டும் பொருள்களைச் செய்யும் ஒரு நொதியை அடக்குகின்றன. நாகபுரியில் முழங்கால் தேய்மானம் உள்ள 30 பேருக்கு எட்டு வாரம் மருந்தும் எட்டு வாரம் போலியும் மாற்றி மாற்றிக் கொடுத்து 2003-இல் எழுதினார்கள். வலி குறைந்தது, முழங்கால் மடங்கியது, நடக்கும் தூரம் கூடியது. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு அப்படியே இருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை மறைக்காமல் எழுதினார்களே, அதுதான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கையைத் தருகிறது. மருந்து வலியை ஆற்றியது, தேய்ந்ததை வளர்க்கவில்லை. பல சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழுவின் 2014-ஆம் ஆண்டு அறிக்கையும், செறிவூட்டிய சல்லகிச் சாற்றை நாளுக்கு 100 மில்லிகிராம் 90 நாள் சாப்பிட்டவர்களுக்கு, நூற்றுக்கு 17 புள்ளி அளவு வலி கூடுதலாகக் குறைந்தது என்று கணக்கிட்டது. ஆக, புண்ணை விட்டு விலகிப் போன கூற்றும் தேறக்கூடும். தேற வேண்டுமானால் இத்தனை படி ஏற வேண்டும்.

இங்கே கடைக்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சல்லகியின் நற்பெயரைச் சாம்பிராணித் தைலத்துக்கும் சாம்பிராணிப் புகைக்கும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். இது அடாது. பாஸ்வெலிக் அமிலங்கள் கனமான மூலக்கூறுகள்; ஆவியாகிப் போகாதவை. பிசினை நீராவியில் காய்ச்சி வடிக்கும் தைலத்தில் அவை ஏறுவதில்லை. பானையின் அடியிலேயே தங்கிவிடும். மூட்டு வலி ஆராய்ச்சியைக் காட்டிச் சிறு குப்பியில் வாசனைத் தைலத்தை நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு விற்பது, அரிசியின் சத்தைச் சொல்லி உமியை விற்பது போல.

புகையைப் பற்றிச் சொன்னால் இங்கே சில தாய்மார்களுக்கு வருத்தம் வரும். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டாத வீடு உண்டா? புகை கிருமியைக் கொல்லும் என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு என்பார்கள். உண்டுதான். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், மூடிய அறையில் ஹோமச் சரக்குகளை ஒரு மணி நேரம் புகைத்து, காற்றில் உள்ள பாக்டீரியா 94 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் எழுதினார்கள். நம்புவோம். ஆனால் பாக்டீரியாவால் தாங்க முடியாத புகையை, பிறந்து மூன்று மாதமான குழந்தையின் நுரையீரல் மட்டும் தாங்குமா? சிங்கப்பூரில் சீன மக்கள் 61,320 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் நெடுங்காலம் ஊதுபத்தி கொளுத்தியவர்களுக்கு மூச்சுப் பாதையின் மேற்பகுதியில் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக வந்ததைக் காட்டியது. அது ஊதுபத்தி, நம் சாம்பிராணி வேறு என்று வாதிடலாம். ஆனால் இன்று கடையில் வாங்கும் கப் சாம்பிராணியில் பெரும்பங்கு கரித்தூள். மேலே கொஞ்சம் வாசனை. பாட்டி தணலில் தூவிய கட்டிச் சாம்பிராணியோடு அதை ஒப்பிடவே முடியாது. மணம் மனத்தை அமைதிப்படுத்துமா? பறங்கிச் சாம்பிராணியில் உள்ள இன்சென்சோல் அசிடேட் என்ற பொருள் எலிகளின் பதற்றத்தைக் குறைத்ததாக 2008-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். எலிகளில் கண்டது எலிகளுக்கு. நமக்கு அது ஒரு தொடக்கம். பூஜைக்கு ஒரு சிட்டிகை, கதவும் சன்னலும் திறந்த வீட்டில், குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் அடுத்த அறையில். இதற்கு மேல் புகைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

‘ஆயிரம் ஆண்டு வழக்கத்துக்குச் சோதனை எதற்கு?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு இரண்டு சொல். திருக்கடவூரில் குங்கிலியக்கலயர் மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் எந்த நோய் தீரும் என்று கேட்டு வாங்கவில்லை. இறைவனுக்கு மணம் சேர்ப்பது அவர் தொண்டு. வழிபாட்டுக்குச் சான்று கேட்பது அறிவீனம். அதே குங்கிலியத்தைப் பற்பமாக்கி நீர்க்கடுப்புக்குக் கொடுத்தார்களே சித்த வைத்தியர்கள், அவர்கள் அப்படிக் கண்மூடிக் கொடுக்கவில்லை. எந்தப் பிசினையும் பச்சையாக உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது, சுத்தி செய்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். குக்குலுவைத் திரிபலைக் கஷாயத்தில் வேகவைத்து வடிகட்டச் சொன்னார்கள். நெய்யில் சேர்க்கச் சொன்னார்கள். இன்று பாஸ்வெலிக் அமிலத்தை வெறும் வயிற்றில் கொடுத்தால் இரத்தத்தில் மிகக் குறைவாகவும், கொழுப்பு மிகுந்த உணவோடு கொடுத்தால் பல மடங்கும் சேர்வதாக ஜெர்மானியர்கள் அளந்து சொல்கிறார்கள். பிசின் எதில் கரையும் என்பதை முதலில் சொன்னேன், நினைவிருக்கிறதா? எண்ணெயில் கரைவது நெய்யோடுதான் உடம்பில் சேரும். முன்னோர்கள் பார்த்து, திருத்தி, விதி வகுத்தவர்கள். அவர்கள் பேரைச் சொல்லிச் சோதனையை மறுப்பவர்கள் அவர்களுக்கு வேண்டியவர்கள் இல்லை.

கடைசியாக மரத்தைப் பற்றி. பொய்யான ஒவ்வொரு விளம்பரமும் ஏதோ ஒரு மரத்தின் மேல் விழும் வெட்டு. குக்குலு விளையும் கட்ச், ராஜஸ்தான் வறள் நிலங்களில், பிசின் அதிகம் வடிவதற்காகக் கீறிய வாயில் ஏதேதோ கலவையைப் பூசி, செடியையே சாகடித்து எடுக்கிறார்கள். அந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் உலகப் பட்டியலில் இருக்கிறது. எத்தியோப்பியாவையும் அதன் அண்டை நாடுகளையும் பற்றி 2019-இல் வந்த ஆய்வு, 21,000-க்கும் மேற்பட்ட பறங்கிச் சாம்பிராணி மரங்களை அளந்து பார்த்து, நான்கில் மூன்று பங்கு காடுகளில் இளங்கன்றே இல்லை என்றது. இருபது ஆண்டில் விளைச்சல் பாதியாகும் என்றும் எச்சரித்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்குங்கிலியம் சேகரிக்கும் காட்டுநாயக்கரும் குறும்பரும் தானாய் வடிந்ததைப் பொறுக்கிய காலம் உண்டு. வியாபாரிக்கு அவசரம் வந்தால் அடிமரத்தைக் கீறித் தீ மூட்டுவார்கள். மூட்டு வலிக்கு உண்மையில் உதவும் பிசினை, எதற்கும் உதவாத புகைக்காகவும் தைலத்துக்காகவும் வெட்டித் தீர்த்துவிட்டால், நாளைக்கு வலியோடு வரும் முதியவருக்கு என்ன கொடுப்போம்?

ஆகவே மருத்துவப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். பின்லாந்துக்காரர் வெண்ணெயில் பிசினைக் காய்ச்சினார்கள். நம் சித்த வைத்தியர்கள் குங்கிலியத்தைப் பொடித்து, நல்லெண்ணெயில் உருக்கி, வடிகட்டி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கடைந்து, வெளுத்துத் திரண்டு வரும் குங்கிலிய வெண்ணெயைப் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் போடுகிறார்கள். இரண்டும் ஒரே யோசனை, பிசினும் கொழுப்பும். நம் அரசு மருத்துவமனைகளில் படுக்கைப்புண்ணோடு கிடப்பவர்களுக்குக் குறைவில்லை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் பக்கத்து ஆங்கில மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு, குங்கிலிய வெண்ணெயையும் வழக்கமான கட்டையும் ஒப்பிட்டு, பல ஊர்களில், சில நூறு பேரிடம், ஆறு மாதம் சோதித்துப் பார்க்கட்டும். எந்த மரத்தின் குங்கிலியம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளட்டும். வெற்றியானாலும் தோல்வியானாலும், நாகபுரிக்காரர்கள் எக்ஸ்ரேயைப் பற்றி எழுதியது போல, உள்ளதை உள்ளபடி அச்சிடட்டும். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் ஒருவராவது தம் முதுகலை ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.